பிப்ரவரியில் பூட்டிய மலை

எங்கள் வீட்டில் ஊருக்குப் போவதென்றால் முதலில் சுவரிலிருந்து இறங்குவது மாதக் காலண்டர்தான். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அதைக் கூடத்துத் தரையில் விரித்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். நான், இவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஏழு வயது முடியப்போகும் மகன், முழங்காலை நீட்டியபடி நாற்காலியில் என் அம்மா.

எங்கே போவது என்பதில் பேச்சே இல்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு என்று பாடத்தில் படித்த நாளிலிருந்து மகளுக்கு அதைப் பார்த்துவிட வேண்டும். அம்மாவின் ஆசை அதைவிட ஐம்பது வருடம் மூத்தது. அம்மா பிறந்தது போடிநாயக்கனூரில். தாத்தா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வாரக் கடைசியில் மலையிறங்கி வரும்போது அவர் சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்குமாம். செங்குத்தான பாறையில் யாரோ ஒட்டவைத்த மாதிரி நிற்கும் ஆட்டைப் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கேட்டே அம்மா வளர்ந்தார். அறுபத்தெட்டு வயதாகியும் அந்த ஆட்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

உலகத்திலேயே வரையாடுகள் மிக அதிகமாகக் கூடி வாழும் இடம் மூணாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா. அதில் பார்வையாளர்களை விடும் பகுதிதான் ராஜமலை. மதுரையிலிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிறந்த நாளை ஒட்டி வரும் சனி, ஞாயிறைச் சுற்றி மகன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டான். அன்று சாயங்காலமே, மூணாற்றில் ஆசிரியையாக இருக்கும் என் கல்லூரித் தோழிக்குப் போன் செய்தேன்.

"பிப்ரவரில வராதடி. ராஜமலையப் பூட்டிருவாங்க. ஆடு குட்டி போடுற நேரம். மார்ச் முடியுற வரைக்கும் யாரையும் உள்ள விடமாட்டாங்க."

மகன் பேனாவை வீசிவிட்டான். மகள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். அப்படியானால் கொடைக்கானலுக்குப் போய்விடலாமா என்று இவர் மெதுவாக ஆரம்பித்தார். அம்மாதான் மகனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துச் சொன்னார்: "பிள்ள பெத்த வீட்டுக்குள்ள ஊரே கூடிப் போய் நிப்பாங்களாய்யா? பச்ச ஒடம்புக்காரி. குட்டி நாலு காலுல நிக்கட்டும். அப்புறம் போவோம்."

வேறு யார் என்ன விளக்கம் சொல்லியிருந்தாலும் அவன் அன்றைக்குக் கேட்டிருக்க மாட்டான். அம்மா சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வீட்டு அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது எட்டிப் பார்க்கக்கூடத் தன்னை விடவில்லை என்பது அவன் நினைவில் இருந்தது.

காலண்டரில் ஏப்ரலைத் திருப்பினோம். அதற்குள் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் வீணாகவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. நேரே பிப்ரவரியில் போய் இறங்கியிருந்தால் அந்த மலையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பெட்டை வரையாடு ஏறக்குறைய ஆறு மாதம் சுமக்கும். ஆடி மழையில் இணை சேர்ந்தால் தை, மாசியில் குட்டி. பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான். நம் வெள்ளாடு போல இரண்டு மூன்று என்று ஈனுவது அபூர்வம். சிறுத்தையும் செந்நாயும் சுற்றும் மலையில், பிறந்த குட்டி தாயின் பின்னால் பாறை ஏறப் பழகும் முதல் சில வாரங்கள்தான் அதற்கு மிக ஆபத்தான காலம். அந்த நேரத்தில் மனிதக் கூட்டத்தைக் கண்டு மந்தை மிரண்டு ஓடினால் குட்டி பின்தங்கிப் போகும். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் வனத்துறை தேதி அறிவித்து வாசலைச் சாத்துகிறது. மூணாற்றுக்குச் சுற்றுலாவால் வரும் பணம் எவ்வளவு என்று அந்த ஊர்க் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு மாதம் பூட்டுகிறார்கள். ஓர் ஆட்டின் பேறுகாலத்துக்காக ஒரு மலையைப் பூட்டுகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்தது.

தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் நமக்கு எப்போது லீவு என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கே இருக்கிற உயிர்களுக்கு எது சௌகரியமான காலம் என்று விசாரிக்க வேண்டும். எங்களுக்கு அது தற்செயலாகக் கிடைத்த பாடம். எங்கள் அதிர்ஷ்டம், பள்ளி முழுப்பரீட்சை முடியும் நேரமும் பூங்கா திறந்து சில வாரம் ஆகும் நேரமும் ஒன்றாக வந்தன. குட்டிகளுக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகியிருக்கும். ஓடியாடித் திரியும் பருவம். விஷுவும் தமிழ்ப் புத்தாண்டும் வரும் வாரத்தை விட்டுவிட்டோம். ஈஸ்டர் விடுமுறையையும் விட்டோம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம் என்று தோழி அடித்துச் சொல்லியிருந்தாள். ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை முதல் நேரத்துக்கு இணையத்தில் டிக்கெட் எடுத்தோம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. நேரில் போய் நின்றால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

சாயங்காலங்களில் மகளும் நானும் இரவிகுளத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம், 2695 மீட்டர் ஆனைமுடி, அதற்குள்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அது கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியின் கையில் இருந்த வேட்டைக்காடு. தோட்டத்துத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்காகவே அந்தப் புல்மலையைத் தேயிலை நடாமல் வைத்திருந்தார்கள். 1971-இல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. "சுடுறதுக்காகக் காப்பாத்துனாங்களாம்மா?" என்று மகள் கேட்டாள். ஆமாம், தொடக்கம் அப்படித்தான். ஆனால் அதே தோட்டக்காரர்களில் சிலர் பிற்பாடு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டைக் காக்க முன்னால் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் வரையாட்டுக்குப் பழைய பெயர் வருடை என்பதும், சங்கப் பாட்டிலேயே அது வருகிறது என்பதும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

தமிழ்நாடு 2023-இல் வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. அந்த ஆட்டை முதன்முதலாக ஊன்றி ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஈ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாட்டு நாளாக அறிவித்திருக்கிறார்கள். 2024 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1031 ஆடுகள் இருப்பதாகத் தெரிந்தது. எண்ணும் முறையைப் படித்தபோது பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கண் விரிந்தது. ஒரே மந்தையை இரண்டு பேர், ஒருவரோடு ஒருவர் பேசாமல், தனித்தனியாக எண்ணிப் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படும். "நாமளும் அப்படி எண்ணுவோம்" என்று மகன் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துவைத்துக்கொண்டான். பிறந்த நாளுக்குப் போகாத வருத்தம் அந்த நோட்டோடு போயிற்று.

அம்மாவின் முழங்கால்தான் எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. உள்ளே சொந்த வண்டி போகாது. செக்போஸ்டில் இறங்கி வனத்துறை பஸ்ஸில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே சில கிலோமீட்டர் ஏற வேண்டும். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் போல நடை. தார் போட்ட பாதைதான், ஆனால் ஏற்றம். 2000 மீட்டருக்கு மேலே காற்றும் கொஞ்சம் மெலிசு. பிப்ரவரியிலிருந்தே தினமும் விடியற்காலையில் அம்மாவை வைகைக் கரையோரமாக நடக்க வைத்தேன். முதல் வாரம் பத்து நிமிஷம். பங்குனி முடியும்போது முக்கால் மணி நேரம். ஒருநாள்கூட முணுமுணுக்கவில்லை. மருத்துவர் சொல்லிக் கேட்காத நடை, ஆட்டைப் பார்க்க வேண்டும் என்றதும் கைகூடியது.

என்ன எடுத்துப்போவது என்பதைவிட எதை விட்டுப்போவது என்பதில்தான் நேரம் போனது. பிளாஸ்டிக் பாட்டில், பாக்கெட் நொறுக்குத்தீனி எதுவும் இல்லை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். வழிக்குப் புளியோதரை, வாழை இலையில் கட்டி. பூங்காவுக்குள் தின்பண்டமே கொண்டுபோவதில்லை. மகளின் மஞ்சள் சுடிதார் பெட்டியிலிருந்து வெளியே வந்து பாசிப்பச்சை உள்ளே போனது. ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை, ஒரு மழைக்கோட்டு, ஏனென்றால் சித்திரையில் மலை மேல் மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை சகஜம். என் பள்ளி அறிவியல் ஆசிரியர் தன் தொலைநோக்கியைக் கொடுத்தனுப்பினார். மகனுக்குக் கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளாது. அவனுக்காக எலுமிச்சம்பழமும் சுக்கு மிட்டாயும் அம்மாவின் சுருக்குப்பையில்.

பஸ் வேண்டாம், போடி வரை ரயிலில் போவோம் என்றது அம்மா. மதுரை–போடி ரயில் பாதை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் நின்றுபோனது. தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலும்தான் மறுபடி ரயில் வந்தது. சிறுபிள்ளையில் கரி எஞ்சின் வண்டியில் போன பாதையில் அம்மா பேரப்பிள்ளைகளோடு போக ஆசைப்பட்டார். உசிலம்பட்டி தாண்டியதும் ஜன்னல் ஓரத்துக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். ஆண்டிபட்டிக் கணவாயில் இரு பக்கமும் வறண்ட குன்றுகள் நெருங்கி வந்து விலகியதும், "இந்தா, இனிமே காத்து மாறும் பாரு" என்றார். மாறத்தான் செய்தது.

போடியில் எங்களுக்காக ஜீப் காத்திருந்தது. அந்த ஊரில் மலைக்கு வண்டி என்றால் ஜீப்தான். காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, பொழுது சாய இறக்கிவிடும். டிரைவர் முப்பது வயதுத் தம்பி. அம்மா போடிக்காரர் என்று தெரிந்ததும் எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரித்து, கடைசியில் ஏதோ ஒரு வழியில் உறவும் கண்டுபிடித்துவிட்டார். முந்தலில் தொடங்குகிறது மலைப்பாதை. வளைவுக்கு வளைவு போடி சிறுத்துக்கொண்டே போனது. தென்னந்தோப்பு பச்சைப் பாயாகி, பாய் கைக்குட்டையாகி, அப்புறம் புகைமூட்டத்துக்குள் ஊரே மறைந்தது. மகன் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டியதும் குளிர். பூப்பாறைப் பக்கம் ஏலச்செடிகள், மரநிழலில் ஆள் உயரத்துக்கு. அம்மா ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தார். அதை மகளின் மூக்கருகே நீட்டினார். பேசவில்லை. அவரவர் அப்பாவின் வாசம் அவரவருக்குத்தான் தெரியும் என்று நானும் எதுவும் கேட்கவில்லை.

சின்னக்கானல் வந்தபோது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "அரிக்கொம்பன் ஊருக்கா இது." பிள்ளைகள் எழுந்தே நின்றார்கள். அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை யானையை 2023 ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரே மாதத்தில் கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. பிறகு தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. கம்பத்துத் தெருவில் அது ஓடிய படத்தை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர்கள் கிடையாது. "அதோட வீடு இதுதானா? அப்ப அது தப்பு செய்யலையே" என்றான் மகன். டிரைவர், "வீடு அதுக்குந்தான் தம்பி, இங்க இருக்குற சனத்துக்குந்தான்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை. பேசித் தீர்கிற விஷயமும் இல்லை அது.

மூணாற்றில் நாங்கள் முன்பணம் கட்டியிருந்த தங்கும் விடுதியில் அறை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ரசீதைக் காட்டியும் பயனில்லை. வாசலில் மழைத் தூறலில் அம்மாவோடு நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோழி ஆட்டோவில் வந்து எங்களைத் தன் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனாள். சுடச்சுடக் கஞ்சியும் பயறும். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர், தரையில் வரிசையாகக் கம்பளி. மாற்று ஏற்பாடு ஒன்று கையில் இல்லாமல் முதியவரை அழைத்துக்கொண்டு மலை ஏறக் கூடாது என்பதை அன்று ராத்திரி மனசில் எழுதிக்கொண்டேன்.

விடிந்ததும் உடுமலை சாலையில் கிளம்பினோம். வழியெல்லாம் தேயிலை. முதுகில் பையோடு பெண்கள் வரிசையாகக் கொழுந்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டு போனது திருநெல்வேலித் தமிழ். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் பஞ்சம் பிழைக்க வந்து, காட்டைத் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகள். பூங்கா செக்போஸ்டில் பஸ்ஸுக்காக நின்றபோது டிரைவர் மேலே மலையைக் காட்டினார். "இந்த ரோடு அப்படியே போனா பெட்டிமுடிக்கா."

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. விடாத மழையில் மலை சரிந்து, பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகள், உள்ளே தூங்கியவர்களோடு அடித்துக்கொண்டு போயின. 70 பேர் போனார்கள். சிலர் உடல்கூடக் கிடைக்கவில்லை. கயத்தாற்றைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்கள் பல. ராஜமலையிலேயே புதைத்தார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டிலேயே யோசித்திருந்தேன். சொல்லிவிட்டேன். உல்லாசத்துக்கு வந்த இடத்தில் எதற்கு என்று தோன்றலாம். நாங்கள் குடிக்கும் தேநீரைப் பறித்தவர்கள் உறங்கும் மலை அது. தெரியாமல் அதன் மேல் நடந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மலையைப் பார்த்துக் கைகூப்பினார். மகளும் கூப்பினாள்.

பஸ் ஏறி இறங்கியதும் பனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஆனைமுடி எங்கேயோ மேலே இருந்தது. அம்மா கம்பை ஊன்றி, இருபது எட்டுக்கு ஒரு முறை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தார். பாதி ஏற்றத்தில் காக்கி உடுப்பில் ஒரு வாட்சர், வயதானவர், முதுவர் குடியைச் சேர்ந்தவர். அம்மாவுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"எங்கிருந்து வாறீக?"

"மதுரைங்கய்யா."

அவர் முகம் மலர்ந்தது. "நாங்களும் மதுரதான்."

மதுரையை விட்டு வந்தபோது மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அதைத்தான் சொன்னார். எத்தனை நூறு வருடத்துக்கு முந்தைய வருகையோ, நேற்று கிளம்பி வந்தவர் போல ஊரை விசாரித்தார். பதினாறு கால் மண்டபம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று அம்மா சொன்னதும், தன் வீட்டைப் பற்றி நல்ல சேதி கேட்டவர் போலத் தலையாட்டினார்.

"இங்கயே நில்லுங்க. பனி விலகும். நீங்க தேட வேண்டாம். அது வரும்."

அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். முதலில் கேட்டது சத்தம்தான். மேலே எங்கோ ஒரு கல் உருண்டது. அப்புறம் இன்னொன்று. பனி ஒரு பக்கமாகக் கிழிந்து விலகியபோது, பாதையோரத்துத் தடுப்புச் சுவருக்கு மேலே, எங்களிடமிருந்து இருபதடி தூரத்தில் ஒரு பெட்டை நின்றுகொண்டிருந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த குட்டை மயிர், நுனியில் பனித்துளி. பின்னால் வளைந்த கொம்பில் வரிவரியாகக் கோடு. தாடை மட்டும் இடமும் வலமுமாக அசைந்து அசைந்து புல்லை அரைத்தது. மூக்கிலிருந்து ஆவி. அது எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்தது.

அதன் வயிற்றுக்கடியிலிருந்து குட்டி வந்தது. நம் ஊர் வெள்ளாட்டுக் குட்டி அளவுதான். கொம்பு முளைக்கும் இடத்தில் இரண்டு சின்ன மொட்டு. பின்னங்கால் பாறை விளிம்பில், முன்னங்கால் வெறும் காற்றில். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். குட்டி கீழே பார்த்தது, மேலே பார்த்தது, பிறகு ஒன்றுமே இல்லை என்று தோன்றிய பாறைச்சுவரில் நாலு குளம்பையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து நின்றது. ஒரு விரற்கடை அகலம் இருந்திருக்குமா, தெரியவில்லை. தாத்தா சொன்னபடியே, யாரோ ஒட்டவைத்த மாதிரி.

அம்மாவின் உதடு நடுங்கியது. "எங்கய்யா சொன்னது அச்சு அசலா அப்படியே இருக்கு" என்றார், எங்களுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும்.

பனி முழுவதும் விலகியபோது சரிவெங்கும் ஆடுகள். பெட்டைகளும் போன வருடத்துக் குட்டிகளும் இந்த வருடத்துக் குட்டிகளும். வெகு தூரத்தில், ஒரு பாறைத் தலையில் தனியாக ஒரு கிடா. கருத்த உடம்பு, முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளிறிய பட்டை. மகனும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி நின்று, உதட்டை மட்டும் அசைத்து எண்ணத் தொடங்கினார்கள். பின்னால் வந்த இளைஞர் ஒருவர் குட்டியைத் தொட்டுப் படம் எடுக்கக் கையை நீட்டினார். வாட்சர் குரலை உயர்த்தவில்லை. "வேண்டாம் தம்பி. தாய் பாக்குது" என்றார். நீட்டிய கை மடங்கியது.

எங்கள் காலடியில் புல்லுக்கு நடுவே முழங்கால் உயரப் புதராகக் குறிஞ்சிச் செடிகள் இருந்தன. பூ இல்லை, வெறும் இலை. நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அந்த ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் மூழ்கியதால் பூத்த மலைக்கு வந்து சேர முடியாமல் போனவர்கள் நிறைய. அடுத்து 2030. இலையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். புல்மலையின் மடிப்புகளில் அடர்ந்து கிடக்கும் சோலைகளை வாட்சர் காட்டினார். மழையைப் புல் உறிஞ்சி, சோலை தேக்கிவைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடும். கிழக்கே இறங்கும் ஓடைகள் பாம்பாறாகி அமராவதி அணைக்குப் போகின்றன. உடுமலைப் பக்கத்து வயல் குடிக்கும் தண்ணீர் இந்தப் புல்லின் வேரிலிருந்து புறப்படுகிறது.

பார்க்க அனுமதி உள்ள இடம் பூங்காவில் ஒரு ஓரம் மட்டுமே. அதற்கு அப்பால் ஆனைமுடியும் உள்மலையும் ஆட்டுக்கும் யானைக்கும் புலிக்கும் விடப்பட்டிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் போக விடமாட்டார்களா என்று மகன் கேட்டான். நான் பதில் தேடுவதற்குள் மகள் சொன்னாள், "அது அவங்க உள்வீடுடா."

மத்தியானம் இடி கேட்கத் தொடங்குவதற்குள் இறங்கிவிட்டோம். அன்றைக்கே போடிக்குத் திரும்பும் வழியில், ஜீப்பில் சண்டை. மகளின் நோட்டில் 13, மகனின் நோட்டில் 14. கிடாவைச் சேர்த்தாயா, அந்தச் சின்னதை இரண்டு தடவை எண்ணினாயா என்று பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரை ஒரே வழக்கு. டிரைவர் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். இவர் பெரிய எண்ணே இருக்கட்டும் என்றதை இரண்டு பேரும் ஏற்கவில்லை.

கண்ணை மூடி அசந்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்த அம்மா, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பதினஞ்சு."

எல்லோரும் திரும்பினோம்.

"பெரிய பாறைக்குப் பின்னால ஒரு குட்டி படுத்துக் கெடந்துச்சு. காது மட்டுந்தான் தெரிஞ்சது. சொன்னா நீங்க அம்புட்டுப் பேரும் எட்டிப் பாப்பீக. அது எந்திரிச்சு ஓடிரும். அதான் சொல்லல."

மகன் நோட்டைத் திறந்து, 14-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 15 என்று எழுதினான். முந்தலுக்கு இறங்கும் கடைசி வளைவில் சமவெளியின் வெக்கை முகத்தில் அடித்தது. அம்மா கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.